சைக்கிளுக்கு அளவு சுடிதார்

மார்ச் 2, ஞாயிறு

என் பெயர் அர்த்தநாரி. இதை நானே எழுதினேன்.

மார்ச் 3, திங்கள்

நேற்று எழுதியதை இன்று எடுத்துப் படித்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது. நான் சொன்னதை அது திருப்பிச் சொல்கிறது. சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 5, புதன்

எஸ்தர் டீச்சரின் முதியோர் கல்வி வகுப்பு போன மாதத்தோடு முடிந்தது. டீச்சர் கடைசி நாளில் ஆளுக்கு ஒரு நோட்டு கொடுத்து, தினமும் ஏதாவது எழுதுங்கள், இல்லாவிட்டால் கை மறந்துவிடும் என்றார். வகுப்பு இருந்தவரை சாயங்காலம் ஒரு கூட்டம் இருந்தது. இப்போது சாயங்காலத்துக்கு இந்த நோட்டு இருக்கிறது.

நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்குக் காவலாளி. கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு அடுப்படி. என் மனைவி பாப்பாத்தி இருந்தவரை அதை வீடு என்போம். பழம் பறித்து முடிந்து ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கேட்டைத் தாண்டி யாரும் வருவதில்லை. இருந்தாலும் காலையில் திறக்கிறேன், மாலையில் மூடுகிறேன்.

இவ்வளவு எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

இங்கே போனில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினால் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஏறி ஓசூரில் இருக்கும் மகள் செல்வராணிக்குப் பேசுவேன். இன்று எடுத்தாள்.

மே மாத லீவுக்கு ரிதன்யாவை அனுப்பு என்று கேட்டேன். ரிதன்யா என் பேத்தி, எட்டாவது படிக்கிறாள்.  செல்வராணி சொன்னாள்: "அங்க வந்து என்னப்பா பண்ணுவா அவ? போன தடவ மாதிரி ரெண்டாம் நாளே அழுதான்னா நான் லீவு போட்டுட்டு ஓடி வர முடியுமா?"

பார்க்கலாம் என்றாள். முடியாது என்று சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

போன தடவை என்று செல்வராணி சொன்னது பாப்பாத்தியின் வருஷத் திதிக்கு வந்ததை. நான்கு வருஷம் ஆகிறது. ரிதன்யா அப்போது என் இடுப்பு உயரம். முதல் நாள் தோட்டம் முழுக்கச் சுற்றினாள். இரண்டாம் நாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தாத்தா, இங்க சைக்கிள் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை கண்ணு என்றேன். அன்று சாயங்காலம் அழுதாள். அடுத்த நாள் காலை பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

ஒரு சைக்கிள் இருந்திருந்தால் ஒரு வாரம் இருந்திருப்பாள். இதை நான் ரொம்ப நாளாக யோசித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

சேலம் போய் வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம். வளைவுக்கு வளைவு மஞ்சள் பலகை வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் அதை அடையாளத்துக்குத்தான் பார்த்திருக்கிறேன். இன்று படித்தேன். ஒலி எழுப்பவும். எல்லா வளைவிலும் அதையேதான் எழுதியிருக்கிறார்கள், ஆனாலும் எல்லாவற்றையும் படித்தேன். ஒரு வளைவில் டிரைவர் ஒலி எழுப்பவில்லை. சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லவில்லை.

சைக்கிள் கடைக்காரர் ஜபருல்லா பாய். என்னைவிடப் பத்து வயது இளையவர் இருப்பார். பன்னிரண்டாயிரத்துக்குள் ஒரு நல்ல மலைச் சைக்கிள் வேண்டும் என்றேன். வளர்த்த ஆட்டை விற்ற பணம் அவ்வளவுதான். வாசலில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு வண்டி நின்றது. முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங். அழுத்தினால் குதிரைக் குட்டி போலக் குதித்தது. விலையும் கைக்குள் இருந்தது. அதைக் கொடுங்கள் என்றேன். பாய் கொடுக்கவில்லை.

"பெரியவரே, அது ரோட்டுல பந்தா காட்டறதுக்கு. தூக்கிப் பாருங்க."

தூக்கினேன். சிமெண்டு மூட்டை போல இருந்தது. இந்த விலையில் இரண்டு ஸ்பிரிங் போட்டால் கம்பெனிக்காரன் வேறு எதிலோ கை வைத்திருப்பான், மேட்டில் மிதிக்கிற பலத்தைப் பின் ஸ்பிரிங்கே தின்றுவிடும் என்றார். முன்னால் மட்டும் ஸ்பிரிங் போதும். கியரும் அப்படித்தான். இருபத்தொரு கியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், மட்டமான கியர் நாலு நாளில் கடகடக்கும், பின் சக்கரத்தில் மட்டும் ஏழு இருந்தால் பிள்ளைக்கு மாற்றவும் சுலபம். பிரேக்கில் மட்டும் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள், மலையில் பனியும் மழையும் இருக்கும், டிஸ்க் என்கிற தட்டு பிரேக்தான் பிடிக்கும் என்றார். அலுமினிய ஃபிரேம் நம் பணத்துக்கு எட்டாது. இரும்பு நல்லதாகவே இருக்கிறது.

எல்லாம் முடிவான பிறகு, பேத்தி என்ன உயரம் என்று கேட்டார்.

நான் என் இடுப்பில் கை வைத்துக் காட்டினேன்.

"எட்டாவது படிக்கிற பொண்ணுன்னு சொன்னீங்க? இது எப்பப் பாத்த உயரம்?"

போன மாதம் என்று வாயில் வந்துவிட்டது. பாய் என்னையே பார்த்தார். அப்புறம் பேச்சை மாற்றி ஒரு டீ சொன்னார். உயரம் தெரியாவிட்டால் காலின் உள்பக்க நீளம் தெரிந்தாலும் போதுமாம். அதை வைத்துத்தான் ஃபிரேம் சின்னதா பெரியதா என்று பார்ப்பார்களாம். "சட்டை மாதிரிதாங்க. அளவு இல்லாம நான் குடுக்க மாட்டேன்," என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பலகை எதையும் படிக்கவில்லை. இருட்டிவிட்டது.

மார்ச் 21, வெள்ளி

சட்டை மாதிரி என்று பாய் சொன்னார் அல்லவா. டெய்லருக்கு நாம் நேரில் போகாவிட்டால் என்ன செய்வோம்? அளவுக்கு ஒரு பழைய துணி கொடுத்து அனுப்புவோம்.

இது எனக்கு அடுப்பு பற்றவைக்கும்போது தோன்றியது. தீக்குச்சி விரலைச் சுட்டுவிட்டது.

மார்ச் 23, ஞாயிறு

தொட்டி மேட்டில் இருந்து பேசினேன். சைக்கிளைப் பற்றி மூச்சு விடவில்லை. ரிதன்யா பிறந்தநாளுக்கு இங்கே டெய்லரிடம் சுடிதார் தைக்கக் கொடுக்கப் போகிறேன், அளவுக்கு ஒன்று அனுப்பு என்றேன். ரெடிமேடே போதும் என்றாள். நான் விடவில்லை. அவளுக்கு என்ன கலர் பிடிக்கும் என்றும் கேட்டேன். கறுப்பாம். பிறந்தநாளுக்குக் கறுப்பா என்று கேட்க வந்தேன். சைக்கிளுக்குத்தானே என்று நினைத்துக்கொண்டு, சரி என்றேன்.

போனை ரிதன்யாவிடம் கொடு என்றேன். டியூஷன் போயிருக்கிறாளாம்.

மார்ச் 30, ஞாயிறு

மணி போனது. எடுக்கவில்லை. வேலையாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கூரியரில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். அரைப் பேச்சில் சிக்னல் போய்விட்டது. தொட்டி மேட்டில் வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தேன். சிக்னல் வந்தது. போன் வரவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பார்சல் வந்தது. அதன் மேலே அர்த்தநாரி என்று எழுதியிருந்தது. கூரியர் கடைப் பையன் கைநாட்டு வைக்க மை டப்பாவைத் தள்ளினான். நான் பேனா கேட்டேன்.

உள்ளே நீலத்தில் ஒரு சுடிதார். மேல் சட்டையை மடித்து வைத்துவிட்டேன். நமக்கு வேண்டியது கீழே போடுகிற பேண்ட். விரித்துப் பிடித்தால் நம்ப முடியவில்லை. கால் இரண்டும் குழல் போலக் குறுகி, நீளமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. என் பேண்டின் மேல் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒரே நீளம்.

இவ்வளவு வளர்ந்துவிட்டாள். என் உயரம் அவளுக்கு வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் பாப்பாத்தியும் குட்டை, செல்வராணியும் குட்டை.

ஏப்ரல் 13, ஞாயிறு

சுடிதாரைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறேன். மத்தியானம் கேட்டிலிருந்து திரும்பி வந்தபோது அது தெரியவும், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டேன். கேட்டது கேட்டதுதான் என்று இரண்டு பேருக்கு ரசம் வைத்தேன். மீதி நாளைக்கு ஆகும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வாங்கியாகிவிட்டது.

பாய்க்கு அளவுத் துணியைக் காட்டியதும் முதலில் சிரித்தார். பிறகு, நாற்பது வருஷத் தொழிலில் இப்படி யாரும் அளவு கொண்டுவந்ததில்லை என்று டேப்பை எடுத்து வந்தார். நான் ஒரு முனையைப் பிடித்தேன், அவர் மறு முனையைப் பிடித்தார். உள் தையலோடு இழுத்து அளந்தோம். "பேத்தி தாத்தாவையே உரிச்சு வச்சிருக்கு போல," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பாய்க்கு இரண்டும் பையன்கள்தானாம்.

கறுப்பில் பெரிய ஃபிரேம் ஒன்றுதான் இருந்தது. முன்னால் ஸ்பிரிங், பின்னால் ஏழு கியர், இரண்டு சக்கரத்திலும் தட்டு பிரேக். டயரில் பலாப்பழம் போல முள். என் உயரம்தானே என்று பாய் என்னையே ஏறிப் பார்க்கச் சொன்னார். கடைக்குப் பின்னால் சந்தில் ஓட்டினேன். சைக்கிளில் ஏறி எத்தனையோ வருஷம். கால் சரியாக எட்டியது. முதுகு நேராக இருந்தது. ஒரு நாய் துரத்தியது. நான் கியரை மாற்றினேன். நாய் நின்றுவிட்டது.

பணம் கொடுக்கும்போது பாய் சொன்னதை மறக்காமல் எழுதி வைக்கிறேன்: "லீவு முடியறதுக்குள்ள அளவு சரியில்லேன்னா கொண்டாங்க. மாத்தித் தரேன். மண்ணு ஒட்டியிருந்தாலும் பரவால்ல."

பூட்டும் மணியும் சும்மா கொடுத்தார்.

ஏப்ரல் 17, வியாழன்

பால் வேன் மேலே ஏற்றி வந்து இறக்கினார்கள். அறைக்குள் சுவரோரம் நிறுத்தி, காப்பிச் சாக்கு போட்டு மூடியிருக்கிறேன். நான் ஏறமாட்டேன். அவள்தான் முதலில் ஏற வேண்டும். மணி மட்டும் ஒரு தடவை அடித்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பரீட்சை முடியட்டும் என்றாள் செல்வராணி.

ஏப்ரல் 27, ஞாயிறு

பரீட்சை முடிந்தது. ஸ்கேட்டிங் கேம்ப் இருக்கிறதாம். பணம் கட்டிவிட்டார்களாம்.

ஏப்ரல் 30, புதன்

மழை. மணி இரண்டு தடவை அடித்தேன்.

மே 4, ஞாயிறு

எடுக்கவில்லை. சைக்கிள் வாங்கியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் வருவாள் என்று தோன்றியது. ஆனால் அதைச் சொன்னால் சைக்கிளுக்காக வருவாள். சொல்லாமல் வந்தால் நல்லது.

மே 11, ஞாயிறு

இன்று போனை ரிதன்யாவே எடுத்தாள். குரல் மாறியிருக்கிறது. யார் என்று கேட்டேன். "நான்தான் தாத்தா," என்றாள்.  சாப்பிட்டாயா என்றேன். சாப்பிட்டேன் என்றாள். நீங்க சாப்பிட்டீங்களா என்றாள். மணி பத்துதான் ஆகியிருந்தது.

இங்கே சைக்கிள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து செல்வராணி வாங்கிப் பேசினாள். வரும் சனிக்கிழமை வருகிறார்கள். திங்கட்கிழமை கிளம்ப வேண்டுமாம்.

மே 15, வியாழன்

அறையைச் சாணி போட்டு மெழுக நினைத்தேன். சிமெண்டுத் தரை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சோப்பு போட்டுக் கழுவினேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன். டயரில் காற்று பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

மே 17, சனி

வந்துவிட்டார்கள்.

கேட்டில் பஸ் நின்றது. செல்வராணி இறங்கினாள். பின்னால் ஒரு பெண் இறங்கினாள். நான் அதற்கும் பின்னால் இன்னொரு பெண் இறங்குவாள் என்று பஸ் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் போய்விட்டது.

"என்ன தாத்தா, என்னத் தெரியலையா?"

ரிதன்யா என் மார்பு வரைதான் வருகிறாள். பாப்பாத்தியின் நெற்றி, பாப்பாத்தியின் உயரம்.

சாக்கை எடுத்ததும் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். வெளியே உருட்டிக்கொண்டு போனாள். நான் சீட்டை அடி வரை இறக்கிக் கொடுத்தேன். அப்படியும் அவளுக்குக் கால் தரையில் படவில்லை. பெருவிரல்கூட எட்டவில்லை. கம்பியின் மேல் சாய்ந்து நின்றாள். எனக்கு எங்கே தப்பு நடந்தது என்றே புரியவில்லை. ஆணியில் இருந்த சுடிதாரைக் கொண்டுவந்து காட்டினேன். இதை வைத்துத்தானே அளந்தோம் என்றேன்.

செல்வராணி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்பா, சுடிதார் பேண்ட்டு காலவிட நீளமாத்தான் தைப்பாங்க. கணுக்கால்ல வளையல் மாதிரி சுருக்கம் விழணும்ல. இது தெரியாதா உனக்கு?"

எனக்கு எப்படித் தெரியும்? பாப்பாத்தி சேலைதான் கட்டினாள். செல்வராணி இந்த வீட்டில் இருந்தவரை பாவாடை தாவணி. அவள் சுடிதார் போட ஆரம்பித்ததெல்லாம் ஓசூர் போன பிறகு.

சிரித்து முடித்து அந்தத் துணியை மடியில் மடித்து வைத்துக்கொண்டாள் செல்வராணி. அப்புறம் சிரிக்கவில்லை. "உயரம் என்னன்னு என்கிட்டக் கேட்டிருக்கலாமேப்பா," என்றாள். கேட்டிருக்கலாம்தான்.

மே 18, ஞாயிறு

கேட்டின் திட்டு மேல் நின்று ஏறினால் ரிதன்யாவுக்குக் கால் எட்டுகிறது. ஏறியதும் நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட வேண்டும். நிறுத்தும் இடத்திலும் நான் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் விழுவாள். பம்பு ஹவுஸ் வரை போனோம், வந்தோம். விழுந்தாள். முட்டியில் தோல் போய்விட்டது. அழவில்லை. "தாத்தா, நீங்க பிடிக்கிறது பத்தல," என்று என்னைத் திட்டினாள்.

தொட்டி மேட்டுக்கு யாரும் போகவில்லை. இன்று ஞாயிறு என்பதே எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

மே 19, திங்கள்

கிளம்பவில்லை. செல்வராணி ஆபீசுக்குப் போன் பண்ணிவிட்டு வந்தாள்.

மே 20, செவ்வாய்

எழுத நேரமில்லை.

மே 21, புதன்

காலை பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

நேற்று சாயங்காலம் ரிதன்யா செயினைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், கடையில் சின்ன சைக்கிளாக மாற்றித் தருவார்களா என்று. மாற்றினால் எடுத்துக்கொண்டு போய் ஓசூரிலேயே ஓட்டலாமே என்றாள்.

"மண்ணு ஒட்டினா மாத்த மாட்டாங்க கண்ணு," என்றேன்.

அவள் டயரைப் பார்த்தாள். முள்ளுக்கு முள் செம்மண்.  "அப்பன்னா பரவால்ல. அடுத்த லீவுக்குள்ள வளந்துருவேன். இங்கயே இருக்கட்டும். நீங்க சும்மா வச்சிருக்காதீங்க, துருப்பிடிச்சிரும். ஓட்டுங்க."

பாய் இதைப் பற்றி என்ன சொன்னார் என்று எனக்கு அந்த நேரத்தில் சரியாக ஞாபகம் வரவில்லை.

மே 22, வியாழன்

மூன்று தம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். ஒன்றுதான் அழுக்காக இருந்தது.

மே 25, ஞாயிறு

தொட்டி மேட்டுக்குச் சைக்கிளில் போனேன். பாதி வழி ஓட்டினேன், பாதி வழி தள்ளினேன். முதல் கியரில் மேடு அவ்வளவு மேடாக இல்லை. செல்வராணி முதல் மணியிலேயே எடுத்தாள்.

ஜூன் 1, ஞாயிறு

மேட்டில் இருக்கும்போது ஜபருல்லா பாய் கூப்பிட்டார். வீட்டில் அவர் மனைவியிடம் அளவுத் துணி கதையைச் சொன்னாராம். அந்த அம்மா சோற்றைப் பரிமாறுவதை விட்டுவிட்டுச் சிரித்தார்களாம். பாய்க்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லையாம். "தப்பு என் மேலதான் பெரியவரே. நான் தொழில்காரன். கறுப்புலயே சின்ன ஃபிரேம் வந்திருக்கு, எடுத்து வச்சிட்டேன். நாளைக்கு ஸ்கூல் திறந்தாலும் பரவால்ல, கொண்டாங்க. ஒத்த ரூவா வேணாம்."

அவர் நல்ல மனிதர். பேத்திக்கு அளவு சரியாக இருக்கிறது என்றேன்.

சரியாகவா என்று ஒரு தடவை திருப்பிக் கேட்டார். பிறகு, அப்படியா, சந்தோஷம் என்றார். சேலம் வந்தால் கடைக்கு வாருங்கள், பிரேக் பார்த்துத் தருகிறேன், டீ குடிக்கலாம் என்றார்.

ஜூன் 2, திங்கள்

கேட்டைத் திறந்துவிட்டு, சைக்கிளில் கடை வரை போய் உப்பும் ஊறுகாயும் வாங்கி வந்தேன். வழியில் எஸ்தர் டீச்சரைப் பார்த்தேன். புது சைக்கிளா, யாருடையது என்று கேட்டார். பேத்தியுடையது, அவள் வளரும்வரை நான் ஓட்டுகிறேன் என்றேன். தினமும் எழுதுகிறீர்களா என்றார். எழுதுகிறேன் என்றேன்.

ஓட்டுவதற்கு முன் சீட்டை என் உயரத்துக்கு ஏற்றிக்கொள்கிறேன். வந்ததும் டயரைத் துடைத்து, சுவரோரம் நிறுத்தி, சீட்டை மறுபடியும் அடி வரை இறக்கி வைக்கிறேன்.